எதிரில் நிற்கும் வண்டி

அன்று அந்த அறையில் இருந்தவர்கள்.

ஆம்புலன்ஸ் நடத்துகிற டிரஸ்டின் மேலாளர். மேசைக்கு அந்தப் பக்கம்.

பதிவேடு எழுதும் அம்மா. மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம் நூலால் கட்டியிருக்கும்.

கடலூர்க்காரர். என்னோடு பயிற்சி முடித்தவர். என்னைவிடப் பத்து வயது சின்னவர்.

பைலட். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவரை நம் தொழிலில் அப்படித்தான் சொல்வோம். சாவி கொடுக்க வந்தவர், கொடுத்த பிறகும் போகாமல் கதவில் சாய்ந்து நின்றார்.

என் மனைவி மல்லிகா. சுவரோரம் நாற்காலியில். மடியில் பை. பைக்குள் இன்ஹேலர்.

நான்.

புதிதாகச் சேர்ந்த நீங்கள் போன வாரம், ரிட்டையர் ஆன என்னிடம் கேட்டீர்கள். எந்த ஊர் போஸ்டிங் எடுக்கலாம் அண்ணே, எங்கே வீடு பார்க்கலாம் என்று. நான் எழுந்து வந்துவிட்டேன். கோபம் இல்லை. வாயால் சொல்ல வராது, அவ்வளவுதான். அதனால் எழுதுகிறேன். நான் படித்தது பத்தாவது. எங்கள் காலத்தில் பத்தாவதும் முதலுதவிப் பயிற்சியும் போதும். நீங்கள் எல்லாம் டிகிரி. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

மேலாளர் இரண்டு இடம் காலி என்றார். ஒன்று மணிமங்கலம். இன்னொன்று ஒரகடம் கூட்டுரோடு. நீங்களே பேசிப் பிரித்துக்கொள்ளுங்கள் என்றார். கடலூர்க்காரர், நீங்க மூத்தவர், நீங்க எடுத்தது போக மிச்சம் எனக்கு என்றார். ஆக, முடிவு என் கையில்.

மல்லிகாவுக்கு ஆஸ்துமா. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே உண்டு. திண்டிவனம் பக்கம் எங்கள் வீட்டுக்கு அடுத்தது அரிசி ஆலை. உமித்தூசி சோற்றில் விழும். அதிலிருந்து அவளைக் கிளப்பிக்கொண்டு போகத்தான் இந்த வேலைக்கே மனுப் போட்டேன். ஊர் மாறுவது அவள் மூச்சுக்காக. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இந்த இரண்டு இடம்தான் என்று முன்பே காதில் விழுந்திருந்ததால், முந்தின நாளே இரண்டு ஊரையும் போய்ப் பார்த்துவிட்டோம். மணிமங்கலத்தில் ஒரு மாடி வீடு காலியாக இருந்தது. மாடியில் நின்றால் ஏரி தெரியும். மல்லிகா அங்கே கொஞ்ச நேரம் நின்றாள். கீழே இறங்கி வந்து, "இங்க மூச்சு நல்லா எறங்குதுங்க" என்றாள். அவள் கேட்டுப் பழகாதவள். அவள் கேட்டது அதுதான். எனக்கு அப்போது புரியவில்லை.

என் கணக்கு வேறு. மணிமங்கலத்தில் ஆம்புலன்ஸ் நிற்கிற இடம் ஊரின் மறுகோடியில். வீட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர். ஒரகடத்தில் பார்த்த வீடு வண்டி நிற்கிற இடத்துக்கு நேர் எதிரில். வாசலிலிருந்து வண்டிக் கதவு வரை நடந்து எண்ணினேன். நாற்பத்து மூன்று தப்படி. மல்லிகாவையும் நடக்கச் சொன்னேன். அவளுக்கு ஐம்பத்தொன்று. வழியில் இரண்டு கண்டெய்னர் லாரி போனது. அவள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். அதையும் பார்த்தேன். பார்த்தும் என் கண்ணில் நின்றது வண்டிதான். உள்ளே சிலிண்டர். நெபுலைசர். மாஸ்க். எல்லாம் வீட்டுக்கு எதிரில்.

அறையில் நான் வாய் திறப்பதற்கு முன்னால் பைலட் திறந்தார்.

"தம்பி, ஒரகடத்து வண்டிய நான்தான் ஓட்டறேன். அது அங்க நிக்காது."

வேலை அதிகம், உடம்பு தாங்காது என்று பயமுறுத்துகிறார் என்று நினைத்தேன். நான் வேலைக்குப் பயந்தவன் இல்லை அண்ணே என்றேன். அவர் சிரித்தார்.

"வேலைய யாருப்பா சொன்னா?"

அவ்வளவுதான். போய்விட்டார். விளக்கிச் சொல்லியிருக்கலாம். நானும் கேட்டிருக்கலாம். மல்லிகா என்னைப் பார்த்தாள். நான் ஒரகடம் என்றேன். பதிவேட்டு அம்மா எழுதிக்கொண்டார்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஒரு கம்பெனி கேட்டிலிருந்து கூப்பிட்டார்கள். கான்ட்ராக்ட் ஆள் ஒருவருக்கு மெஷினில் இரண்டு விரல் போய்விட்டது. போனோம். கேட்டுக்கு வெளியே, செக்யூரிட்டி நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். கையில் பனியன் சுற்றியிருந்தது. கேட்டுக்கு உள்ளே, இருபது அடியில், கம்பெனியின் சொந்த ஆம்புலன்ஸ் நிற்கிறது. புது வண்டி. டயருக்குக் கறுப்பு அடித்து வைத்திருக்கிறார்கள். டிரைவர் உள்ளேயே உட்கார்ந்து போன் பார்க்கிறார்.

அது ஏன் வரவில்லை என்று செக்யூரிட்டியிடம் கேட்டேன். அது கம்பெனி ஆளுக்கு, இவர் கான்ட்ராக்ட் என்றார். அதற்கும் சேஃப்டி ஆபீசர் கையெழுத்து வேண்டுமாம். சொன்னவரும் கான்ட்ராக்ட்தான். காக்கிச் சட்டை மட்டும் வேறு.

திரும்பும்போது பைலட் சொன்னார்.

"அந்த வண்டி ஆடிட்டுக்குன்னே பொறந்தது. வருஷத்துக்கு ரெண்டு தபா தொறந்து காட்டுவாங்க. மத்தபடி கன்னி கழியாத வண்டி."

சிரித்தேன். அப்புறம் போகப் போகச் சிரிப்பு வரவில்லை. ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் இந்தப் பக்கம் இப்படித்தான். உற்பத்தி லைனில் மயக்கம் போட்டவர், கேன்டீனில் சுடுதண்ணீர் கொட்டியவர், ஓ.டி. முடித்துப் பஸ்ஸுக்கு ஓடி விழுந்தவர், எல்லாம் கான்ட்ராக்ட். எல்லாம் எங்கள் தலையில். ஒரு கேஸை இறக்கிவிட்டுத் திரும்பினால் பாதி வழியில் அடுத்தது. எங்கள் வண்டி ரோட்டிலேயே வாழ்ந்தது. நான் வீட்டு வாசலைத் தாண்டிப் போவேன். மல்லிகா துணி காயப்போட்டுக்கொண்டிருப்பாள். கை காட்டமாட்டாள். நான் உள்ளே நோயாளியோடு இருப்பேன் என்று தெரியும்.

இரண்டு தடவை எங்கள் வண்டி அவளைக் காப்பாற்றியது. ஒரு தடவை காலை ஏழு மணிக்கு, ஷிஃப்ட் மாறும் நேரம். ஒரு தடவை மாட்டுப்பொங்கல் அன்று, கம்பெனி எல்லாம் லீவு. இரண்டு தடவையும் வண்டி எதிரில் நின்றது. கையைப் பிடித்துக் கூட்டிப்போய் உள்ளே உட்காரவைத்து, மாஸ்க் போட்டு, கால் மணி நேரத்தில் சரியாகிவிட்டாள். இரண்டாவது தடவை பைலட் டீ வாங்கிவந்து கொடுத்தார். பண்டிகை நாளாப் பாத்து வந்தியேம்மா, ஒனக்கு நேரம் நல்லாத்தான் கீது என்றார். அவள் மாஸ்க்குக்குள் சிரித்தாள்.

அந்த இரண்டு தடவைதான் என்னை ஏமாற்றியது.

அதற்குப் பிறகு அவள் கேட்டாள். வீட்டுக்கு என்று ஒரு நெபுலைசர் வாங்கி வைக்கலாமா என்று. டப்பா மாதிரி சின்னது, மெடிக்கல் ஷாப்பிலேயே கிடைக்கும். நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எதுக்கு? எதிர்லயே நிக்குதே."

வேறு தொழில் செய்கிறவன் வாங்கியிருப்பான். ஆட்டோ ஓட்டுகிறவன், மளிகைக்கடை வைத்திருக்கிறவன், எவனும் வாங்கியிருப்பான். வாங்காமல் விடுகிற தப்பு நம்மைப் போன்றவன்தான் செய்வான். வண்டி நம்முடையது என்று நினைப்பு.

மூன்றாவது வருஷம், ஒரு வியாழக்கிழமை, காலை பதினொரு மணி. ஒரு கம்பெனி லைனில் வேலை பார்க்கிற பெண். இருபது வயது இருக்கும். முதுகுளத்தூர் பக்கம். வல்லக்கோட்டையில் ஹாஸ்டலில் இருக்கிறாள். நின்றபடியே மயங்கி, விழும்போது பின்தலை இரும்பு ரேக்கில் அடித்திருக்கிறது. நாங்கள் போனபோது உட்கார்ந்து பேசினாள். வண்டியில் ஏற்றியதும் ஒரு தடவை வாந்தி எடுத்தாள். தலையில் அடி, அப்புறம் வாந்தி. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்கேன் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும். செங்கல்பட்டுப் பக்கம் கிளம்பினோம்.

சிங்கப்பெருமாள் கோவில் நெருங்கும்போது எனக்குப் போன். எங்களுக்கு வீட்டை வாடகைக்கு விட்ட வீட்டுக்கார அம்மா.

"தம்பி, மல்லிகாவுக்கு ரொம்ப மூச்சு வாங்குது. அந்தப் பம்பு அடிச்சுப் பாத்துச்சு, கேக்கல. ஒதடு ஒரு மாதிரி நீலமா கீது. எதிர்ல வண்டியக் காணோமே, நீ எங்கப்பா கீற?"

எங்கே இருக்கிறேன் என்று சொன்னேன். அந்த அம்மா மறுபடி கேட்டார்.

"வாசல்ல ஷேர் ஆட்டோ நிக்குது. படப்பை ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போய்டவா?"

நான் எங்கேயும் தூக்காதீர்கள் என்றேன். அந்த நிலைமையில் ஆக்ஸிஜன் இல்லாமல் ஆட்டோவில் குலுக்கிக்கொண்டு போகக் கூடாது என்பது பாடம். சாயாமல் நிமிர்த்தி உட்காரவையுங்கள், வேறு வண்டி அனுப்புகிறேன் என்றேன். வைத்துவிட்டு கண்ட்ரோல் ரூமைக் கூப்பிட்டேன். மணிமங்கலம் வண்டி சும்மா இருக்கிறது, இதோ கிளப்புகிறேன், கால் மணி நேரம் என்றார்கள்.

கால் மணி நேரமும் ஜாஸ்தி என்று எனக்குத் தெரியும். முதல் வாரம் விரல் போன கேஸுக்குப் போனோமே, அந்தக் கம்பெனி செக்யூரிட்டியின் நம்பர் என்னிடம் இருந்தது. எத்தனை தடவை போயிருக்கிறோம். அவர்கள் கேட்டிலிருந்து என் வீட்டுக்கு நான்கு நிமிஷம். அவரைக் கூப்பிட்டு, என் சம்சாரம் என்றேன். உள்ளே நிற்கிற வண்டியை அனுப்புங்கள் என்று கேட்டேன். நான் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. கேட்டேன்.

"அண்ணே, சார் கையெழுத்து இல்லாம கேட்ட தாண்டாது. சார் மீட்டிங்குல கீறாரு. வெளியாளுக்குன்னா சார் கேக்கவே மாட்டாரு. இருங்க, எதுக்கும் போய் நிக்கறேன்."

அவர் மேல் தப்பில்லை. போய் நின்றிருக்கிறார். மீட்டிங் முடிந்து கதவு திறந்தபோது மணி பன்னிரண்டரை.

முன்னாலிருந்து பைலட் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். வண்டியை ஓரம் கட்டவில்லை, வேகத்தை மட்டும் குறைத்தார். கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"இன்னா, திருப்பட்டுமா?"

திருப்பியிருந்தால் பதினாறு நிமிஷம். அந்த ரோட்டை அவர் ஓட்டினால் பதினாறுதான். நான் எண்ணிப் பார்த்தேன். முன்னால் போனால் ஆஸ்பத்திரி பத்து நிமிஷம்.

அந்தப் பெண்ணும் கேட்டுக்கொண்டிருந்தாள். எழுந்து உட்காரப் பார்த்தாள்.

"அண்ணே, எனக்கு ஒண்ணுஞ் செய்யல. இங்ஙனயே எறக்கி விட்ருங்க. நான் பஸ்ல போய்க்கிருவேன். நீங்க வீட்டுக்குப் போங்க."

அவள் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டு கண் பாப்பாவும் சமமாகத்தான் இருந்தது. சமமாக இருந்து பின்னால் உயிர் போனவர்களையும் பார்த்திருக்கிறேன். அவள் நெற்றியில் கை வைத்துப் படுக்க வைத்தேன். பைலட்டிடம், ஆஸ்பத்திரிக்கு விடுங்கண்ணே என்றேன். அவர் சைரனைப் போட்டார்.

நோயாளியை ஒப்படைத்தால் அங்கே கையெழுத்து வாங்கவேண்டும். கையெழுத்துப் போடுகிறவர் வேறு கேஸில் இருந்தார். நின்றேன். கையெழுத்துக்கு நின்ற அந்த நேரமும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஏழு நிமிஷம்.

மணிமங்கலம் வண்டியில் வந்தது கடலூர்க்காரர். படப்பையில் மாட்டிக்கொண்டார். ஷேர் ஆட்டோக்கள், மனை பார்க்க வந்த கார்கள், எதிரெதிரே நின்ற இரண்டு கம்பெனி பஸ். கால் மணி நேரம் என்றது முப்பத்தொரு நிமிஷம் ஆனது. அவர் உள்ளே போனபோது மல்லிகாவுக்கு மூச்சு இல்லை. அவர் விடவில்லை. நெஞ்சை அழுத்திக்கொண்டே படப்பை ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் கொண்டுபோனார். அந்த ஷேர் ஆட்டோ போயிருக்க வேண்டிய அதே ஆஸ்பத்திரி. ஆட்டோ அந்த முப்பத்தொரு நிமிஷமும் எங்கள் வாசலிலேயே நின்றதாம். வீட்டுக்கார அம்மா அதைப் போகவிடவில்லை. ஆனால் என் பேச்சை மீறவும் இல்லை. ஆம்புலன்ஸ்காரன் சொன்னால் சரியாக இருக்கும் என்று நினைத்திருக்கிறார்.

ஆஸ்பத்திரி வாசலில் கடலூர்க்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். சமாதானம் சொல்ல வந்தவர், வாய் தவறிச் சொன்னது இது.

"அண்ணே, எங்க வண்டி காலையிலேருந்து சும்மாதான் நின்னுச்சு."

அவர் குடியிருந்தது அந்த மாடி வீட்டில்தான். ஏரி தெரியுமே, அது.

பதினாறாம் நாள் வேலைக்குப் போனேன். அன்று மத்தியானம் அந்தப் பெண் எங்கள் இடத்தைத் தேடி வந்தாள். கூட ஹாஸ்டல் தோழிகள் இரண்டு பேர். கையில் ஒரு பை சாத்துக்குடி. ஸ்கேனில் ஒன்றும் இல்லையாம். அன்று சாயங்காலமே அனுப்பிவிட்டார்களாம். காலையில் சாப்பிடாமல் லைனுக்குப் போனதுதான் மயக்கத்துக்குக் காரணமாம். பையை என்னிடம் கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

"அன்னைக்குப் போன் வந்துச்சுல்ல அண்ணே. வீட்ல இப்ப நல்லாருக்காகளா?"

நான், நல்லா இருக்காங்க என்றேன். பைலட் வண்டிக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். சாத்துக்குடியை வீட்டுக்கார அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

அன்று திருப்பாமல் போனது சரியா என்று உங்களில் யாராவது கேட்பீர்கள். அந்தப் பெண்ணுக்குத் தலையில் ரத்தம் கட்டியிருந்தால் சரி. கட்டவில்லை. திருப்பியிருந்தால் மல்லிகா பிழைத்திருப்பாளா, தெரியாது. மறுபடி அதே மாதிரி வந்தால் திருப்பமாட்டேன். அது எனக்குத் தெரியும். அதனால் எனக்கு ஒரு ஆறுதலும் கிடையாது. ஆட்டோவை நிறுத்தினது மட்டும் தப்பு. சந்தேகம் வேண்டாம். பாடத்தில் இருக்கிறது ஆக்ஸிஜன் உள்ள ஊருக்கு. ஆக்ஸிஜன் முப்பத்தொரு நிமிஷத்தில் வருகிற ஊரில் ஆட்டோதான் ஆம்புலன்ஸ்.

நான் அதே வீட்டில் ரிட்டையர் ஆகும் வரைக்கும் இருந்தேன். கடலூர்க்காரர் இடம் மாற்றிக்கொள்ளலாமா, மணிமங்கலம் வருகிறீர்களா என்று கேட்டார். இனி அங்கே எதற்கு என்றேன். அவர் அப்புறம் கேட்கவில்லை.

இப்போது நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். எந்த ஊரை வேண்டுமானாலும் எடுங்கள். அது உங்கள் வயிற்றுப்பாடு. ஆனால் வீட்டை வண்டியைப் பார்த்து எடுக்காதீர்கள். கூட வருகிறவர்களை ஊரில் நிறுத்தி, அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள். மெதுவாகச் சொன்னாலும் கேளுங்கள். வீட்டில் யாருக்கு என்ன வேண்டுமோ அதைத் தனியாக வாங்கி வீட்டிலேயே வையுங்கள். பக்கத்தில் எந்த ஆட்டோக்காரர் நல்லவர் என்று தெரிந்துகொள்ளுங்கள். அவரிடம் உங்கள் வேலையைச் சொல்லாதீர்கள். சொன்னால் உங்கள் பேச்சுக்குக் காத்திருப்பார்.

அப்புறம் ஒன்று. அந்த இடத்தின் வண்டிப் பதிவேட்டைக் கேட்டு வாங்குங்கள். தரமாட்டேன் என்றால் எதிர் டீக்கடையில் ஒரு நாள் உட்காருங்கள். எத்தனை மணிக்குக் கிளம்புகிறது, எத்தனை மணிக்குத் திரும்பி வந்து நிற்கிறது. அதை மட்டும் எண்ணுங்கள். பைலட் அன்று சொன்னது அதுதான். நான் எண்ணியது தப்படியை.

பதினாறாம் நாள் சாயங்காலம் பைலட் தானாகவே பதிவேட்டை என் முன்னால் வைத்தார். நான் கேட்கவில்லை. உட்கார்ந்து, அந்த வியாழக்கிழமைக்கு முந்தின முப்பது நாளைக் கூட்டினேன். பகல் ஷிஃப்ட் மட்டும். மொத்தம் முந்நூற்று அறுபது மணி நேரம்.

வண்டி எங்கள் வீட்டுக்கு எதிரில் நின்றது, ஐம்பத்திரண்டு.